அம்ப்ரோஸ் டாலிவர் அடிக்கக் கொடுத்த பந்துகள்

அம்ப்ரோஸ் டாலிவர் வீசிய பந்தை ஒரு கோடை முழுவதும் பிடித்தவன் நான். என் இடது கையின் மூன்று விரல்கள் இன்றும் நேராக நிற்பதில்லை. 1886இல் எங்கள் ஒஹாயோ பக்கத்தில் அவன் பந்தை நன்றாக அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு மட்டைக்காரனும் இல்லை. கேட்ட உயரத்தில்தான் பந்தை வீச வேண்டும் என்பது அன்றைய பேஸ்பால் விதி. மட்டைக்காரன் "மேலே" என்றால் மேலே, "கீழே" என்றால் கீழே. டாலிவர் கேட்ட உயரத்திலேயே கொடுப்பான். ஆனால் வந்து சேரும்போது பந்து ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும்.

இதற்குப் பெரியவர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். எங்கள் அணியில் அவன் ஒருவன்தான் கறுப்பன்; கறுப்பர்களுக்கு எலும்பே வேறு மாதிரி என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். சூனியம் என்றார் ஒரு பாதிரியார். இருவரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சிறு வயதிலிருந்து செங்கல் சூளையில் வேலை. வண்டிமேல் நிற்பவன் கையை நீட்டாமலே, கீழிருந்து எறியும் கல் அவனிடம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் மேஸ்திரியின் அறை விழும். அப்படி வளர்ந்த தோளுக்குச் சூனியம் எதற்கு?

எதையும் சோதித்துப் பார்க்காமல் அவன் நம்ப மாட்டான். பந்து ஏன் வளைகிறது என்று அறிய உருளைக்கிழங்கு, ஆப்பிள், சுருட்டிய காலுறை என்று அகப்பட்டதையெல்லாம் என்மேல் வீசுவான்.

"கிழங்கு வளையுது, ஆப்பிள் வளையல. ஏன் காஸ்பர்?"

"திங்காம எறிஞ்சா அதுக்குக் கோவம் வராதா?"

"சரி, நீ தின்னு பாத்துச் சொல்லு" என்று அடுத்ததையும் எறிவான்.

ஜூலையில் நாங்கள் தோற்க ஆரம்பித்தோம். டாலிவர் வீசும் நாட்களில் மட்டும். ஓடுகிறவர்கள் தொட வேண்டிய தளங்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நிற்பவன் பர்டிக்; எங்கள் அணியில் அவனைப் போலப் பந்து பிடிப்பவன் வேறு யாருமில்லை. அவன் முன்னால் உருண்டு வந்த பந்துகள் அவன் கையில் பட்டுப் பட்டு விழுந்தன. பந்து வீசுபவனுக்கு அது தெரியாது, அவன் முதுகுக்குப் பின்னால் நடப்பது. மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் நான்தான் எல்லோர் முகத்தையும் பார்க்கிறவன்.

"அவன் வேணும்னே விடறான்" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

டாலிவர் தலையை ஆட்டினான். "மூஞ்சியப் பாத்து முடிவு பண்றது எங்க ஆளுங்களுக்குத் தினமும் நடக்குது. நான் இன்னொருத்தனுக்கு அதச் செய்ய மாட்டேன். எந்த மாதிரிப் பந்த விடறான், எதப் பிடிக்கிறான், அத மட்டும் பாத்துச் சொல்லு."

சேணக்கடை வைத்திருந்த லாத்ராப்தான் அணியின் முதலாளி. சனிக்கிழமை காலை அவர் டாலிவரைக் கூப்பிட்டார். "இன்னிக்கும் தோத்தா நீ சூளைக்கே போயிடு அம்ப்ரோஸ். எனக்கு உன்மேல ஒண்ணுமில்ல. தோக்கறவன வச்சு நான் என்ன பண்ண?" தோற்கடிப்பவனை வைத்திருப்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. டாலிவரின் வளைந்த பந்தில் ஏமாந்து எதிரணி தட்டிய பந்துகள் சோம்பேறித்தனமாக பர்டிக்கிடம் உருண்டன. இரண்டை விட்டான். எதிரணிக்கு இரண்டு ஓட்டம்.

"வெறுங்கைப்பா, வழுக்குது" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினான்.

அடுத்து ஒரு பந்து வளையாமல் போய்விட்டது. மட்டைக்காரன் முழு பலத்தோடு வெளுத்தான். பர்டிக்கின் நெஞ்சுக்கு நேராகப் பாய்ந்த பந்து சட்டென்று அவன் இரு கைக்குள் இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பர்டிக் அந்தப் பந்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தன் சட்டைப்பையில் வேறொருவன் கடிகாரம் இருக்கக் கண்டவன் பார்ப்பானே, அப்படி.

நான் டாலிவரிடம் ஓடினேன். "சுலபமானத விடறான். கஷ்டமானதப் பிடிச்சுட்டான்."

அவன் கண் மின்னியது. கோபம் இல்லை, உருளைக்கிழங்கு வளைந்தபோது வந்த அதே மின்னல். "மெதுவா வந்தா அவனுக்கு யோசிக்க நேரம் இருக்கு. வேகமா வந்தா கைதான் வேல செய்யுது. இரு, ஒரு தடவ நடந்தது ஆதாரம் ஆகாது."

அடுத்தவனை மெதுவாக உருட்ட வைத்தான். பர்டிக் விட்டான். அதற்கடுத்தவனுக்கு நேரான பந்து. இடி மாதிரி அடி. பர்டிக் பாய்ந்து பிடித்தான்.

"போதும். இனிமே எல்லாமே நேரா" என்றான் டாலிவர்.

"பைத்தியமா உனக்கு? ஒவ்வொருத்தனும் அடிப்பானே."

"அடிக்கட்டும். இவங்கள நல்லவங்களா ஆக்க எனக்கு வேற வழி தெரியல."

அதன்பின் நடந்தது போல ஓர் ஆட்டத்தை நான் கண்டதில்லை. அந்த வட்டாரத்தில் யாராலும் அடிக்க முடியாத பந்தை வீசியவன், அடி, அடி என்று பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். சில பந்துகள் அவன் காதை உரசிக்கொண்டு திரும்பிப் போயின. ஒன்று அவன் முழங்காலில் பட்டது. பின்னால் நின்றவர்களுக்கு வெறுக்க அவகாசமே இல்லை. பிடித்தார்கள், எறிந்தார்கள், மறுபடி பிடித்தார்கள். கடைசியில் ஓர் ஓட்டத்தில் ஜெயித்தோம். அவனது இடம் அந்தக் கோடைக்குத் தப்பியது.

பர்டிக் அருகே வந்தான். "உனக்காக ஒண்ணும் பந்தப் பிடிக்கல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும் மிஸ்டர் பர்டிக். அதனாலதான் அப்படி வீசினேன்" என்றான் டாலிவர், நொண்டிக்கொண்டே.

பின்னாளில் அவன் பிட்ஸ்பர்க்கில் தன் இனத்தாரின் அணிக்காகத் தோள் ஓயும்வரை வீசினான். அங்கே முதுகுக்குப் பின்னால் எந்தப் பந்தும் வேண்டுமென்றே விழவில்லை என்பதால் இஷ்டத்துக்கு வளைத்தான் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வட்டாரத்துக்கு அவன் திரும்பாததற்குக் காரணம் அந்தக் கோடையை அடுத்த குளிர்காலத்தில் நடந்தது. எங்கள் பக்கத்து அணிகளுக்கென்று இருந்த சங்கத்தின் முதலாளிகள் ஒரு ஹோட்டலில் கூடி, இனிக் கறுப்பர் எவரையும் சேர்ப்பதில்லை என்று கைதூக்கினார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். லாத்ராப்பும் கைதூக்கினார்.

அதைச் சொல்ல நான்தான் சூளைக்குப் போனேன். டாலிவர் கல் அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டான்.

"ரொம்ப நேரம் பேசினாங்களா?"

"மத்தியானச் சாப்பாட்டுல ஆரம்பிச்சு விளக்கு ஏத்தற வரைக்கும் பேசினாங்களாம்."

கையிலிருந்த கல்லைச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ யோசிக்க நேரம் இருந்திருக்கு. கை வழுக்கி விழல" என்று சொல்லிவிட்டு, அதை வண்டிமேல் நின்றவனுக்கு எறிந்தான். அவன் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.