மாப்பிள்ளை வண்டிக்கு எர்த் இல்லை

போன புதன்கிழமை மத்தியானம் துடியலூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"கண்ணு, எனக்கு நரம்பு போயிருச்சாட்ட இருக்குது."

என் அக்கா உடம்புக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்கிற ஆள் இல்லை. காய்ச்சல் நூற்றிமூன்று இருந்தாலும் தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள். 

"என்னக்கா பண்ணுது?"

"கை சுர்ருங்குது. காலைல காபி கொண்டு போகையில ஒருக்கா, சாயங்காலம் காபி கொண்டு போகையில ஒருக்கா. மத்த நேரம் ஒண்ணுமில்ல. சுகர்னால இருக்குமுன்னு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கித் தின்னுட்டு இருக்கறேன்."

காபி கொண்டு போகும்போது மட்டும் வருகிற நரம்பு வியாதி... நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் இல்லை. பீளமேட்டில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி, துடியலூரில் போய் இறங்கினேன்.

அவள் காபி கொண்டு போனது யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு.

அக்கா மகள் காவ்யாவைக் கட்டியவர். பெயர் பிரவீன். அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி, அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. அங்கே இருக்கிறவர்களுக்கு இப்போது புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது – ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது. வீட்டை விட்டுத் தப்பிக்க வேண்டும், ஆனால் வீட்டில் இருக்கிற அத்தனையும் கூடவே வர வேண்டும். மாப்பிள்ளையும் ஒரு வேன் வாங்கி, இங்கே ஒரு பட்டறையில் கொடுத்து கேரவனாக மாற்றியிருந்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி டெலிவரி ஆகியிருந்தது. காவ்யாவும் மூன்று வயதுக் குட்டியும் வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறார்கள். சனிக்கிழமை எல்லோருமாக வால்பாறை.

அதுவரைக்கும் மாப்பிள்ளை வண்டியை மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தி 'டெஸ்ட்' பண்ணுகிறார். அதாவது, உள்ளேயே உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை. உள்ளேயே தூக்கம். இருபத்திநாலு மணி நேரமும் ஏசி, மாமனார் வீட்டுக் கரண்டில். மாடியில் ஏசி ரூம் ஒன்று புது பெட்ஷீட் விரித்தபடி சும்மா கிடக்கிறது. அதை யார் போய் அவரிடம் சொல்வது?

நம்ம ஊரில் கேரவன் என்றால் நடிகர்தான். மூன்று நாளாகத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் வண்டியைக் கண்டதும் மெதுவாக நடந்திருக்கிறார்கள். "ஏனுங்க, எந்த நடிகருங்க வந்திருக்காரு?" என்று ரெண்டு பேர் கேட்டேவிட்டார்களாம். "'எங்க மாப்பிள்ளைங்க'ன்னு சொன்னேன் கண்ணு" என்றபோது, நரம்பு போன என் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அப்படியொரு பெருமை.

"நீயும் ஏறிப் பாரு. அப்படியே ஊடு மாதிரி இருக்குது. செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு."

ஊடு மாதிரி இருந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜவுளிக்கடையில் கழற்றுவோம், டாக்டர் ரூமில் கழற்றுவோம். ஏடிஎம் வாசலில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுப் பணம் எடுக்கப் போன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். நானும் கழற்றினேன். வெயிலுக்கு இதமாக வாசல் பூராவும் தண்ணீர் தெளித்திருந்தாள் அக்கா. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வண்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன்.

சுர்ர்.

முழங்கை வரைக்கும் ஏறியது. கையை உதறிக்கொண்டு ரெண்டு அடி பின்னால் வந்தேன். 

"இதுதானா உன் நரம்பு வியாதி?"

அக்கா என்னைக் கவலையாகப் பார்த்தாள். "உனக்குமா கண்ணு? உனக்கு எப்ப இருந்து சுகர்?"

சிரிப்பதா அழுவதா? ஞாயிறு சாயங்காலத்திலிருந்து வேளை தவறாமல் கரண்டைத் தொட்டுவிட்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். வண்டியில் கோளாறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளை வண்டி அல்லவா, கோளாறு இருந்தால் அது தன் உடம்பில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

நேரே மாமாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம், போனேன்.

மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் விஷயத்தில் அவரிடம் அலட்சியமாகப் பேசிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துனயா அம்மணி?" என்று வெயில்காலம் வந்தால் எனக்குப் போன் பண்ணிக் கேட்கிற மனுஷர். என் வீட்டு வாஷிங் மெஷினுக்கு ரெண்டு கம்பி ஒயர் போட்டுக் கொடுத்த எலக்ட்ரீஷியனை, என் கண் முன்னாலேயே அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டியவர்.

அப்பேர்ப்பட்டவர் மீட்டர் போர்டு பக்கத்தில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்புப் போட்ட அவர் காலடியில் ஒரு சாக்கு. சாக்குக்குக் கீழே, வண்டிக்குப் போகிற ஒயர் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். இட்லிச் சட்டி மாதிரி சுட்டது.

"எதுக்குங்க மாமா சாக்கு?"

"மாப்பிள்ளை கால் தட்டிப்போடக் கூடாதுல்ல."

"வண்டி ஷாக் அடிக்குதுங்க."

அவர் பேப்பரை மடிக்கவில்லை. "லேசாத்தான் இருக்கும் அம்மணி. மூணு நாள்ல கெளம்பிருவாங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இவருக்குத் தெரியும். துருவித் துருவிக் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி ஒயரைச் செருகி ஏசியைப் போட்டதும் டிரிப்பர் விழுந்திருக்கிறது. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற அந்த டப்பாவைத்தான் சொல்கிறேன். தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. மூன்று தடவை. வண்டி ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்க மாமா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறார்.

"என்ன பண்ணுறது அம்மணி? அவரு வண்டில லீக்கேஜ் இருக்குதுன்னு அவருகிட்டயே சொல்றதுங்களா? புது வண்டி, ஆசையாக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறாரு. சொல்லாம உட்டா, நம்ம ஊட்டு ஒயரிங் சரியில்லைன்னு நெனைச்சுக்குவாரு."

அதனால் மாமா என்ன செய்தார்? பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைப் பிடுங்கிவிட்டார். டிரிப்பரைத் தாண்டி நேராக ஒரு லைன் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஏசி ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை; கசிகிற கரண்டும் மண்ணுக்குள் போக வழியில்லாமல் வண்டித் தகரத்திலேயே நின்றுகொண்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லலாம். ஊருக்கெல்லாம் எர்த் போடச் சொல்லிப் பாடம் நடத்துகிறவர் செய்தால்? கரண்டுக்குப் பயப்படாதவர்தான் என் மாமா. மாப்பிள்ளை முகம் சுளிப்பாரோ என்றுதான் அவருக்குப் பயம்.

"அக்கா மாத்திரை திங்கறது தெரியுமுங்களா உங்களுக்கு?"

"என்ன மாத்திரை?"

"நரம்பு மாத்திரை. தினமும் ரெண்டு வாட்டி வெறுங்கால்ல நின்னு கதவைத் தொடறாங்க. வெள்ளிக்கிழமை குட்டி வர்றா. அவ செருப்பு போட்டுட்டுத்தான் வண்டில ஏறுவாளாக்கும்?"

பேப்பர் கீழே விழுந்தது. எழுந்துபோய் டெஸ்டரை எடுத்துவந்து கைப்பிடியில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. குனிந்து ஈரத் தரையைப் பார்த்தார். அப்புறம் வாசப்படியில் காபி டம்ளரோடு, வெறுங்காலோடு வந்து நின்ற அக்காவைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவள். போய் மெயினை அணைத்தார்.

ஏசி நின்றது. வண்டிக் கதவு திறந்தது. மாப்பிள்ளை படியில் நின்றார், காலில் தடித்த ரப்பர் செருப்பு.

"மாமா, கரண்ட் போயிருச்சுங்களா?"

இப்போதாவது சொல்வார் என்றுதானே நினைப்பீர்கள்?

"ஆமாங்க மாப்பிள்ளை. ஏரியா பூராம் போயிருச்சுங்க."

பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கடகடவென்று கேட்கிறது. எங்கள் நாலு பேருக்கும் கேட்கிறது.  மாப்பிள்ளையும் "ஓ, சரிங்க" என்கிறார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அக்கா டம்ளரை வாசல் திண்டின் மேல் வைத்தாள்.

"கரண்ட் போகலீங்க. உங்க மாமாதான் அணைச்சாரு. உங்க வண்டி ஷாக் அடிக்குதுங்க. எனக்கு நாலு நாளா அடிக்குதுங்க."

மாமா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. தன் ரப்பர் செருப்பைக் காட்டினார்.

"எனக்கும் அடிச்சுதுங்க அத்தை. திங்கக்கிழமை காலைல வெறுங்கால்ல இறங்கும்போது. அதுல இருந்துதான் செருப்பு போட்டுட்டே இருக்கேன். மாமா அவரு கையால கொடுத்த லைனு... முப்பது வருஷ அனுபவம். அவருகிட்டப் போயி தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது?"

கேட்டீர்களா? மாமனார் சொன்னால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு. மாப்பிள்ளை சொன்னால் மாமனாருக்கு மரியாதைக் குறைவு. ரெண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெறுங்காலோடு காபி கொண்டு போனது என் அக்கா. நான் அதை அங்கேயே, அந்த ரெண்டு பேர் முகத்துக்கும் நேராகச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சாயங்காலமே பட்டறை ஆள் வந்தார். ஏசிக்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றினால், ஒரு ஸ்க்ரூ ஒயரின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. "நல்லவேளைங்க, லேசா உரசிட்டுத்தான் இருந்திருக்குது. முழுசா ஒட்டியிருந்தா..." என்றவர் அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒயரை மாற்றினார். மாமா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். ஏசிக்குத் தனி லைன், பதினாறு ஆம்ப்ஸ் பிளக், எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி உள்ள தடித்த கேபிள். சுருட்டாமல் நீளமாக விரித்துப் போட்டார், மேலே சாக்கு கிடையாது. எர்த் குழியில் ரெண்டு குடம் தண்ணீர். டிரிப்பரையும் அதன் இடத்தில் மாட்டினார். அந்த வீட்டில் யார் மூஞ்சியையும் பார்க்காமல் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான், அதைத்தான் முதலில் ஓரம் கட்டியிருந்தார்.

உங்கள் வீட்டு டிரிப்பர் அடிக்கடி விழுந்தால், தயவுசெய்து அதைத் திட்டாதீர்கள். என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலையில் அக்கா காபி போட்டாள். டம்ளரில் ஊற்றினாள். எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று பார்த்தால், அடுப்படியை விட்டு அசையவில்லை. அங்கிருந்தபடியே வாசலுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை, காபி ஆறுதுங்க. உள்ள வந்து குடிச்சுக்கங்க."

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை வந்தார். அடுப்படி வாசலில் நின்று காபியைக் குடித்தார். "நல்லா இருக்குதுங்க அத்தை" என்றார். அவ்வளவுதான்.

'உள்ள வந்து குடிச்சுக்கங்க' என்கிற அந்த ஒரு வரியைச் சொல்ல முடியாமல்தான் என் அக்கா நாலு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காபி கொண்டு போனாள்.