அழுதால்தான் ஓட்டு விழுமாம்

சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுப் போட்டியை ஒரு டிவி சேனலில் அப்போதுதான் முதல் சீசனாகத் தொடங்கியிருந்தார்கள். என் மகள் தேர்வானதும், எங்கள் குடும்பத்தைப் படம் பிடிக்க மலைக்கிராமமான வாழவந்திக்கு ஒரு வேன் வந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல சேலை கட்டுவதுதான் எங்கள் வழக்கம். எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, கனகாம்பரம் வைத்து வாசலில் நின்றேன்.

கேமராவோடு வந்த தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, காப்பிக்காட்டுக்குப் போற பழைய சேலையைக் கட்டிக்குங்க. கஷ்டத்தைச் சொல்லிக் கொஞ்சம் அழுங்க. அப்பத்தான் ஓட்டு விழும்."

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவங்க முன்னாடி அழுக்குச் சேலையோடவா நிப்பாங்க?" என்றேன். சேலையை மாற்றவில்லை. அழவும் இல்லை.

விட்டார்களா? சென்னையில் போட்டி மேடையில் அந்தப் படத்தைப் போட்டபோது, சிரித்துக்கொண்டு நிற்கும் என் முகத்துக்குச் சோக வயலினைச் சேர்த்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொகுப்பாளினி மைக்கை நீட்டி, "எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தீங்கம்மா?" என்றாள், குரல் தழுதழுக்க.

"வேலைக்குப் போறேன், சோறு போடறேன். இதுல என்னங்க கஷ்டம்? எம்புள்ள பாட வந்திருக்கா. பாட உடுங்க" என்றேன்.

ஒளிபரப்பில் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டட்டும். அடுத்த நிமிஷம் என் மகள் நிமிர்ந்து நின்று பாடினாளே, அதில் ஒரு வரியைக்கூட வெட்ட அவர்களுக்குக் கை வரவில்லை.