அத்தை கழுவிய விரல்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. மழையில் சரிந்த தேயிலைச் செடிபோல ஒரு பக்கம் சாயும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றும் பயம்தான். தட்டச்சு செய்யும் தம்பி திருத்திக்கொள்ள வேண்டும். மேடையில் ஏறிப் பேசச் சொன்னால் இதுவும் வராது. நாலு பேர் முன்னால் நின்றாலே என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

எங்கள் அத்தைக்குச் சிறப்பு மலர் வெளியிடுகிறார்கள். மாகாண சபையில் அவர் என்ன பேசினார், எந்தெந்தத் தோட்டத்தில் கிளினிக் திறக்க வைத்தார், தமிழ் தெரிந்த மருத்துவிச்சிகளைக் கேட்டு எத்தனை அரசாங்கக் கந்தோர் வாசலில் காத்துக் கிடந்தார் என்பதையெல்லாம் படித்தவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது, அவர் முதன்முதலாகப் போட்டியிட்ட எலெக்சன் அன்று நடந்தது மட்டும்தான்.

அது தொண்ணூறுகள். நாங்கள் பதுளை மாவட்டத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அத்தை அப்பாவின் தங்கை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எல்லோருக்கும் அவர் நர்சம்மா. கை கழுவாத பிள்ளைக்குக் கோயில் சுண்டல்கூடக் கொடுக்க விடமாட்டார்.

எனக்கு ஆறு வயதானபோது அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைத் தவிர வேறு வண்டி கிடையாது. சாக்கை விரித்து அம்மாவை அதில் படுக்க வைத்தார்கள். அத்தையும் கூடவே ஏறிக்கொண்டார். லொறி முதலில் தொழிற்சாலைக்குப் போய், கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் பதுளை ரோட்டில் ஏறியது.

சில நாள் கழித்து அம்மாவும் அத்தையும் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். இருவர் கையிலும் ஒன்றுமில்லை.

"பாப்பா எங்கப்பா?" என்று கேட்டேன்.

"பாப்பா பதுளையிலயே இருந்துருச்சுய்யா," என்றார் அப்பா.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மேலே கேட்கவில்லை. பதுளையில் கடைத்தெரு இருக்கிறது, ரயில் வந்து நிற்கிறது. பாப்பாவுக்கு அங்கே பிடித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அத்தை தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வண்டி வேண்டுமென்று எல்லோரையும் கேட்டார். தோட்டத்தை நடத்தும் துரையைக் கேட்டார், தொழிற்சங்கத் தலைவர்களைக் கேட்டார், பதுளைக்குப் போய்ப் பெரிய கந்தோர்களிலும் கேட்டார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். ஒருநாள் அத்தை வேலையை விட்டுவிட்டு, குவாட்டர்ஸைக் காலி செய்து, டிரங்குப் பெட்டியோடு எங்கள் லயத்து அறைக்கு வந்து நின்றார். மாகாண சபைக்குப் போட்டியிடப் போகிறாராம்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள வேலையையும் விட்டுட்டு எலெக்சனா? ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"கேட்டுக் கேட்டு வாய் வலிக்குதுண்ணே. இனி குடுக்குற எடத்துல நானே போய் ஒக்காந்துக்கிறேன்."

அத்தை லயம் லயமாக நடந்தார். எதிர்க்கட்சி ஆள் ஒருவர், கழுத்தில் எப்போதும் துவாலை போட்டிருப்பவர், பின்னாலேயே வந்து, "ஊசி போடுறவங்க எல்லாம் ஓட்டுக் கேக்க வந்துட்டாங்கடா," என்று கத்துவார்.

அத்தை திரும்பிப் பார்த்து, "ஊசி போட்டா ஒருநாள்தான் வலிக்கும். தப்பான ஆளுக்கு ஓட்டுப் போட்டா அஞ்சு வருசம் வலிக்கும்," என்பார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

எந்த வாசலிலும் அவர் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தா எங்கண்ணன் புள்ள வந்து சேர்ந்திருக்கும்." கூடவே நடந்த நானும் இதைக் கேட்டுக் கேட்டு ஒரு கணக்குப் போட்டுவைத்தேன். அத்தை ஜெயித்தால் வண்டி வரும். வண்டி வந்தால் பாப்பா வரும். எனக்கு அது போதும். பாப்பாவுக்கென்று ஒரு கிலுகிலுப்பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

எலெக்சனுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பேச்சு பரவியது. பக்கத்துத் தோட்டத்தில் போன தடவை ஒரு பெண்ணின் கறுத்த விரலைப் பார்த்துவிட்டு, நீ ஏற்கெனவே ஓட்டுப் போட்டவள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு விரலெல்லாம் கறை ஏறிக் கறுத்துப்போயிருக்கும்; சோப்புக்கும் போகாது. யார் பார்த்தது, யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் பயந்துவிட்டார்கள். அவர்கள் ஓட்டு இல்லாமல் அத்தை ஜெயிக்க வழியில்லை.

அத்தை அதை ஒரு தொற்றுநோய் பரவியதுபோலவே எடுத்துக்கொண்டார். அப்பாவை ஹாலிஎல கடைக்கு அனுப்பி ஒரு பை எலுமிச்சங்காய் வாங்கிவரச் செய்தார். எலெக்சன் அன்று விடியற்காலையில் பெண்கள் எல்லோரும் பீலிக்கரையில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். எலுமிச்சங்காயும் உப்பும் தேங்காய்த் தும்பும் வைத்துக்கொண்டு, தண்ணீர் கொட்டும் பீலியின் அடியில் ஒவ்வொரு விரலாக அத்தை தேய்த்தார்.

"நர்சம்மா, ஓட்டுப் போடப் போறோமா, இல்ல என்னையப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் பல் விழுந்த ஆச்சி ஒருவர்.

"ஓட்டைப் போடு ஆச்சி. மாப்பிள்ளைய அப்புறமா பாப்போம்."

எனக்கு எலுமிச்சங்காய் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு பாதியையும் கொஞ்சம் உப்பையும் தாளில் மடித்து, பிறகு நக்கிக்கொள்ளலாம் என்று காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓட்டுச் சாவடி எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில். அத்தை முதல் ஆளாகப் போட்டுவிட்டு, சுண்டுவிரலில் மையோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் பெண்கள் போனார்கள். உள்ளே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த துவாலைக்காரர் முதல் பெண்ணின் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஐயா, லயத்துப் பொம்பளைக்கு விரல் இவ்வளவு வெள்ளையா இருக்குமா? மோந்து பாருங்க, எலுமிச்சங்கா வாசம்! வேற எங்கயோ போட்டுட்டு மையக் கழுவிட்டு வந்துருக்குதுங்க!"

பொறுப்பாக இருந்த பெரியவர் பதுளைக் கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே வந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். எல்லாக் கையும் பளிச்சென்று இருந்தது; எல்லாக் கையும் மணத்தது. "கொஞ்சம் பொறுங்கோ," என்று வரிசையை நிறுத்திவிட்டார். பெண்கள் முகம் வெளுத்தது. பொலிஸ் வரும் என்று யாரோ சொன்னார்கள். வரிசை பின்னாலிருந்து கலையத் தொடங்கியது. பல நாளாகக் கதவைவிட்டு வெளியே வராத என் அம்மாவும் அன்று வந்திருந்தார். அவர் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

அத்தை நேராகப் பெரியவர் முன்னால் போய்ச் சுண்டுவிரலை நீட்டினார். "ஐயா, இது இப்ப நீங்க வச்ச மைதானே?"

"ஓம்."

"எலுமிச்சங்காய்க்கு இது போகுதான்னு ஒங்க கண்ணாலயே பாத்துக்குங்க."

அத்தை சுற்றிப் பார்த்தார். நான் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். ஏன் வைத்திருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. உப்பைத் தூவி, எலுமிச்சங்காயை வைத்துத் தேய்த்தார். போதவில்லை என்று பள்ளிக்கூடப் படியின் கருங்கல்லில் விரலை வைத்து உரசினார். தோல் சிவந்தது, பிறகு உரிந்தது. மை அப்படியே இருந்தது.

"காணும் பிள்ளை, காணும், நிப்பாட்டுங்கோ!" என்று பெரியவர் பதறினார். அத்தை நிறுத்தவில்லை. இரத்தம் வந்ததும் பெரியவரே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது தேசிக்காய்க்கு அழியிற மை இல்லை. ஆக்களை விடுங்கோ," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

ஆச்சி உடனே துவாலைக்காரரிடம், "தம்பி, ஒங்க கையையும் இந்தக் கல்லுல கொஞ்சம் தேச்சுப் பாக்கட்டுமா?" என்றார். அவர் துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலைந்துபோன பெண்களெல்லாம் திரும்பி வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றார்கள்.

பெரியவர் உள்ளே போகுமுன் குரலைத் தாழ்த்தி, "கழுவாமல் வந்திருந்தாலும் விட்டிருப்பன், பிள்ளை. இத்தனை வருசம் பதுளையில இருக்கிற எனக்குக் கொழுந்துக் கறை தெரியாதோ?" என்றார். அத்தை அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

அத்தை ஜெயித்தார். கொஞ்ச ஓட்டில்தான். வண்டி உடனே வரவில்லை. அதற்கும் கேட்டுக் கேட்டு ஒரு வருசம் போனது. விரல் அதற்குள் ஆறிவிட்டது.

வெள்ளை வண்டி வந்த அன்று பெரட்டுக் களத்தில் மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். நான் கூட்டத்தின் கால்களுக்கிடையே புகுந்து, பின் கதவு வழியாக உள்ளே ஏறினேன். ஒரு கட்டில், ஒரு தலையணை. குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன்.

"என்னடா தேடுற?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையிலிருந்த கிலுகிலுப்பையை இருவரும் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லத்தே," என்றேன்.

வண்டி இன்றைக்குத்தானே வந்திருக்கிறது, பதுளைக்குப் போய்த் திரும்பும்போது கூட்டிவருவார்கள் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

எழுதி முடித்தது 2024, மாட்டுப் பொங்கல் அன்று.