ஈலாண்டு மாமா

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஈலாண்டு என்று ஒரு மான் உண்டு. மான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பார்க்கக் காளைமாடு மாதிரிதான் இருக்கும். கழுத்தடியில் தொங்கும் அலைதாடி, முறுக்கிவிட்ட கொம்பு, நெற்றியில் ஒரு கொத்து மயிர். நடந்தால் முன்னங்கால் முட்டி ‘டக், டக்’ என்று சத்தம் போடும். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டிவியில் அதைப் பார்த்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன், அது என் மாமாதான் என்று.

மாமா, அம்மாவின் அண்ணன். கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் உட்கார்ந்தால் ஆட்டோவே ஒரு பக்கம் சாயும். நடந்தால் முட்டி சொடுக்கும். டிவியில் வந்த ஈலாண்டைக் காட்டி, ‘மாமா, இது நீதான்’ என்றேன்.

“யாரடி மாடுன்ற?” என்று கையை ஓங்கினார்.

“மாடில்ல மாமா, மான்!”

“கேட்டுக்கம்மா, உன் பொண்ணு ஒருத்திதான் என்னை மான்னு சொல்றா” என்று அம்மாவிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இன்னொன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, ஆபத்து என்றால் முதலில் ஓடுவது ஈலாண்டுதான். மாமாவுக்கு ஊசி என்றாலே ஓட்டம். எனக்குத் தடுப்பூசி போட்ட அன்று அழுதது நான், ஓடியது அவர்.

அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஜன்னலில் தெரிந்த மலையைக் கும்பிடுவதும் நடப்பதுமாக இருந்தார். நான் அவர் முட்டிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். டக், டக். மெதுவாகக் கேட்கும்வரை பயமில்லை. மாமா ஓடினால்தான் சிங்கம் வந்துவிட்டதென்று அர்த்தம்.

கதவு திறந்தது. நர்ஸ் ஏதோ சொன்னார். மாமாவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி ஓடினார்! தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் டிபன் கேரியரை ஒரே தாண்டாகத் தாண்டி, டக்டக்கென்று படியிறங்கி மறைந்தார்.

“அம்மா!” என்று நான் அலறினேன். அப்பா தூக்கிக்கொண்டார்.

“ஒன்னும் இல்லடி. ரத்தம் வேணும்னாங்க, மாமா குடுக்கப் போயிருக்காரு.”

மாமாவாவது, ஊசியாவது! அப்பாவே பொய் சொல்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்கும்? இன்னும் ஜாஸ்தியாக அழுதேன்.

மாமா திரும்பி வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் இருந்த மாம்பழ ஜூஸை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“ஏன் மாமா ஓடிட்ட?”

“பின்ன இன்னாடி பண்றது? மெதுவா போனா பாதி வழியில திரும்பிடுவேனே.”

சாயங்காலம் அம்மா கண் விழித்தாள். முதல் வேலையாகப் புகார் சொன்னேன்: “மாமா ஓடிட்டாரும்மா.” அம்மா சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்து முகம் சுளித்தாள்.

இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். ஈலாண்டு ஓடும் வீடியோக்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் அது சிங்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும். அன்று மாமா ஓடியதை மட்டும்தான் பார்த்தேன். சிங்கம் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.