மிக்ஸிக்காக எழுதிய கார்டுகள்

எட்டுக் கார்டுகளில் ‘நிகழ்ச்சி தொடரட்டும்’ என்றும் ஒன்பதாவதில் ‘நிறுத்திவிடுங்கள்’ என்றும் ஒரே பேனாவால் எழுதியவள் எந்தப் பக்கம்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலையில் டிவியில் வரும் சாகச நிகழ்ச்சி அது. தொகுப்பாளர் நெருப்பு வளையத்துக்குள் பாய்வார், கிரேனில் தலைகீழாகத் தொங்குவார். எங்கள் கோவில்பட்டித் தெருவில் அந்த அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வந்தாலும் குடம் நகராது. ஒரு வாரம் கயிறு அறுந்து விழுந்தார், முதுகெலும்பு முறிந்தது. மறு வாரம், அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, சோக இசையோடு கேட்டார்கள்: நிகழ்ச்சி தொடரலாமா, வேண்டாமா? கார்டில் எழுதுங்கள், சிறந்த கருத்துக்கு மிக்ஸி. ஒரு மனிதரின் முதுகெலும்புக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

தெருவில் பி.எஸ்ஸி. படித்தவள் நான்தான். எழுதித் தரச் சொல்லி ஆளுக்கொரு கார்டோடு வந்துவிட்டார்கள். முதலில் மாமியார்.

“தொடரட்டும்னு எழுது தாயி.”

“பாவம் அத்தை, எலும்பு முறிஞ்சு கெடக்காரு.”

“எலும்பு தன்னால ஒட்டிரும். மிக்ஸி தன்னால வருமா?”

அடுத்து பக்கத்து வீட்டு மதினி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஆலையை ஆபீஸ் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

“போன மாசம் எங்க ஆபீஸ்ல தீக்குச்சி மருந்து பத்திக்கிட்டு ஒருத்திக்குக் கை வெந்துச்சு. ஆபீஸ் தொடரலாமான்னு எவனும் கார்டு கேக்கலையே. மறுநா காலைல ஆபீஸ் வேன்காரன் வந்து ஆரன்தான் அடிச்சான்.”

“பின்ன எதுக்கு தொடரட்டும்னு எழுதச் சொல்லுதீய?”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அதுல இது ஒண்ணுதான் சந்தோசம்.”

எழுதினேன். வஞ்சனையில்லாமல், ‘இந்நிகழ்ச்சி குழந்தைகளின் உள்ளத்தில் துணிச்சலை விதைக்கிறது’ என்றுகூட மதினியின் கார்டில் சேர்த்து, அதை ஒருமுறை வாசித்து ரசிக்கவும் செய்தேன். கடைசியாக என் கார்டு. நிகழ்ச்சி முடிந்ததும் கட்டிலிலிருந்து குதிக்கிற ஆறு வயது மகள் எனக்கு இருக்கிறாள். ‘பயமாக இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.’ அதற்குமேல் ஒரு வாக்கியம் வரவில்லை.

அடுத்த மாதம் புதுத் தொகுப்பாளர் வந்தார். மதினியின் கார்டைத்தான் வாசித்தார். மிக்ஸி வேறு ஊருக்குப் போய்விட்டது.

“துணிச்சல்னா என்னம்மா?” என்றாள் மகள்.

“பயப்படாம இருக்கது” என்று பாடம் நடத்தினேன்.

அன்று மாலையே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறிக் குதித்தாள். தாடையில் மூன்று தையல். தூக்க ஓடிய என்னிடம், ரத்தம் வழிய, “நான் பயப்படவே இல்லையே, ஏம்மா யாரும் கை தட்டலை?” என்றாள்.

இப்போது டிவியை அணைத்தால் மதினி வீட்டுக்கு ஓடுகிறாள்; அங்கே குதிப்பதற்கு மாடிப்படி இருக்கிறது. போட்டால் என் கண்ணெதிரே குதிக்கிறாள். நீங்களும் பார்க்காதீர்கள் என்று மதினியிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவருக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தானே.

போடவா, அணைக்கவா? பிள்ளை வளர்த்தவர்கள் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். மிக்ஸி தர எனக்கு வசதியில்லை.