கிளி சொன்ன ‘ஓம்’

“…ஒண்டு குறைஞ்சாலும் நான் ஏறமாட்டன் எண்டு அண்டைக்கே சொன்னனான் எல்லே? இப்ப ஒண்டு குறைஞ்சு போச்சு. அப்ப அக்கா வீட்டை போவமே?” என்றாள் அம்மா.

திருகோணமலை ரயில் நிலையத்தில் பின்னேர வண்டி புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பாவின் சட்டைப்பையில் டிக்கெட்டுகள். வீமன் என்று நாங்கள் கூப்பிடும் நாய் வாய்க்கூடு போட்டபடி, தன் மானம் போய்விட்டது போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆடு சரக்குப் பெட்டிக்குள் ஏற்றப்பட்டு அங்கிருந்து கத்துகிறது. கிளிக்கூடு என் மடியில். பூனையைப் போட்டுக் கட்டியிருந்த மூடற்பெட்டி மட்டும் வாயைத் திறந்தபடி வெறுமையாகக் கிடக்கிறது.

நாங்கள் அந்த மேடைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்னால்தான் அம்மா அடுத்துச் செய்தது விளங்கும்.

யப்பான்காரன் வந்து துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தது. எங்கள் வீடு மட்டிக்களியில். கொடியில் போட்ட துணியெல்லாம் கரிப்பொட்டு வைத்துக்கொண்டு காய்ந்தது. “என்ரை வெள்ளைச் சீலையைக் குறிவைச்செல்லோ அடிச்சிருக்கிறான், பாழ்படுவான்,” என்று அம்மா வானத்தைப் பார்த்துத் திட்டினாள். ஆகாயத்தில் ஒரு பருந்து பறந்தாலும் சனம் நிமிர்ந்து பார்த்தது. முன்பெல்லாம் வழியில் கண்டால் “என்ன கறி?” என்று கேட்பவர்கள், இப்போது “நீங்கள் எங்கை போறியள்?” என்று கேட்டார்கள். மூதூருக்கு ஒரு கூட்டம் போனது, நிலாவெளிப் பக்கம் ஒரு கூட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஒரு கூட்டம். போகாதவர்களும் வீட்டுக்குள் இருக்கவில்லை. வாசலுக்கும் படலைக்குமாக நடந்தார்கள்.

அப்பாவுக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது. அவர் கடலுக்கு அந்தப் பக்கம், தொண்டிக்குக் கிட்ட ஒரு கரையூரில் பிறந்தவர். இளவயதிலேயே இங்கே வந்து, துறைமுகத்தில் படங்கு தைக்கிற வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் சரக்கை மூடும் அந்தத் தடித்த துணியைத் தைப்பதும், அதன் ஓரத்தில் கயிறு பிணைப்பதும்தான் வேலை. முடிச்சுப் போடுவதில் மன்னன். எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கும். அப்பாவும் ஒரு தகரப் பெட்டியோடு அப்படி வந்தவர்தான். அந்தப் பெட்டி எங்கள் வீட்டு மூலையில் எப்போதும் ஒரு விருந்தாளியைப் போல் இருந்தது.

இத்தனை வருஷமும் இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. நாங்கள் எல்லோரும் ‘ஓம்’ என்று சொல்கிற இடத்தில் அவர் ‘ஆமா’ என்பார். “ஓம்ங்கிறது கோயில்ல சொல்றது. அதைப் போய் கத்திரிக்காய் வாங்கவும் சொல்றீங்களே,” என்று கேலி செய்வார். “வாயிலை வராட்டில் விடுங்கோ. அதுக்கு ஏன் கோயிலை இழுக்கிறியள்?” என்பாள் அம்மா. எங்கள் கிளிக்குத் தெரிந்த ஒரே சொல்லும் ‘ஓம்’தான். எதைக் கேட்டாலும் ‘ஓம்’. “நீ கழுதையோ?” என்று கேட்டாலும் ‘ஓம்’.

குண்டு விழுந்த வாரத்தில் ஒரு காலை அப்பா சொன்னார்:

“ஊருக்குப் போயிருவோம்.”

எனக்குச் சந்தோஷம். ஊர் என்றால் எனக்குச் சல்லி. அம்மாவின் சொந்தக்காரர் இருக்கிற கரையூர் அது. அங்கே கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றால் கைநிறையச் சூடைமீன் தருவார்கள். அப்பா சொன்னது வேறு ஊர் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

“அங்கை போய் நான் எந்த வீட்டிலை இருக்கிறது?”

“அண்ணன் வீட்டுலதான். அண்ணி ரொம்ப நல்லவங்க.”

“ஆற்ரை அடுப்பிலை உலை வைக்கிறது?”

“அடுப்பு என்ன, எல்லா ஊர்லயும் அடுப்புதானே?”

“வெருகலிலை அக்கா இருக்கிறா. வயல் இருக்கு. அங்கை ஆர் குண்டு போடப்போறான்?”

“குண்டுக்குத் தெரியுமா அது வயலு, இது துறைமுகம்னு? ரயில்ல போய்க் கப்பலேறிக் கடலைத் தாண்டிட்டா நிம்மதி,” என்றார் அப்பா. அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் நான் பார்த்த காட்சியை என்னால் நம்ப முடியவில்லை. அம்மா கிணற்றடியில் வீமனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குசினிப் பக்கம் வந்தால் அகப்பைக்காம்பால் கலைக்கிற அதே வீமனை.

“இஞ்சருங்கோ,” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். “போறதெண்டால் போவம். ஆனால் இந்த வாயில்லாச் சீவன்களை விட்டிட்டு நான் வரமாட்டன். நாய், ஆடு, கிளி, பூனை, எல்லாம் வரவேணும். ஒண்டு குறைஞ்சாலும் நான் ஏறமாட்டன்.”

நான் அம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அந்த வேலிக்கு மேலால் அவள் எட்டிப் பார்க்காத நாளில்லை.

“ஏன்டி, அந்தப் பூனையைச் சாக்கிலை கட்டி ஆத்துக்கு அங்காலை விடவேணுமெண்டு போன கிழமைதானே நிண்டனீ?”

“அது போன கிழமைக் கதை, மச்சாள்.”

“பொரிச்ச மீனைத் தூக்கினதுக்குச் செருப்பாலை எறிஞ்சியே!”

“எறிஞ்சால் என்ன? பிள்ளைக்கும்தான் அடிக்கிறம். விட்டிட்டே போறம்?”

மாமி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அம்மாவின் மனம் இப்படி இளகியதற்கு யப்பான்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அப்பா அசரவில்லை. முடியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கை துறுதுறுக்கும். அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். நாயைக் கொண்டுபோகலாம், வாய்க்கூடு வேண்டும். படங்குக் கயிற்றை எடுத்து உட்கார்ந்தார். நான் வீமனின் மூக்கை அளந்து கொடுத்தேன். மத்தியானத்துக்குள் வாய்க்கூடு தயார்.

“ஆடு?” என்றாள் அம்மா. “அது குட்டித்தாச்சி. குலுக்கத்திலை ஏதும் நடந்தால் பாவம் எங்களுக்கு.”

அப்பா மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். சரக்குப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றலாமாம். “நீங்கள் குடும்பமாய்ப் போறியளோ, சந்தைக்குப் போறியளோ?” என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டாராம். “எல்லாம் குடும்பந்தான் ஐயா” என்றாராம் அப்பா. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அம்மா சேரவில்லை.

கிளிக்குப் பிரச்சினை இருக்காது என்றார் அப்பா. ஆனால் அது பேசுவதைத் திருத்த வேண்டும். “ஊர்ல போய் இது ஓம் ஓம்ன்னா, சாமிக் கிளின்னு சனம் வீட்டு வாசல்ல வந்து விழுந்து கும்பிடும். அண்ணிக்குச் சமைக்க நேரம் இருக்காது.” பச்சை மிளகாயைக் காட்டி, “ஆமா சொல்லு, ஆமா,” என்று கூட்டின் முன் குந்தியிருந்து பாடம் எடுத்தார். கிளி மிளகாயை வாங்கி, பொறுமையாகத் தின்று முடித்து, ‘ஓம்’ என்றது. “இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் ஆமா!” என்றார் அப்பா.

வீடு ஒரு நிலையில் நிற்கவில்லை. மாலையில் பொதிகளைக் கட்டுவோம். காலையில் உலைமூடி எந்தப் பொதிக்குள் என்று தேடி எல்லாவற்றையும் அவிழ்ப்போம். சங்கு ஊதினால் வளவில் தோண்டிய பதுங்குகுழிக்குள் இறங்குவோம். சங்கு ஊதுவதற்கு முன்னமே வீமன் இறங்கிவிடும். அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளித் தென்னைகளுக்கு ஊற்றினாள். மழைக்காலம் வரைக்கும் காணும் போல ஊற்றினாள். அப்பா, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியப்பாவைப் பற்றியும், அவர் வீட்டு முற்றத்துப் புளியமரத்தைப் பற்றியும் நடந்து நடந்து சொல்வார். பொங்கலுக்குப் போகலாம், கோயில் கொடியேற்றத்துக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி அப்பா ஒருமுறையும் போகவில்லை. புளியம்பழத்தைக் கல்லால் எறிந்து விழுத்துவது எப்படி என்று கையை வீசிக் காட்டும்போது, அவர் அப்பா மாதிரியே இருக்கமாட்டார்.

கடைசியில் மிஞ்சியது பூனை.

“அதைப் பிடிக்கவே ஏலாது,” என்றாள் அம்மா, கொஞ்சம் நம்பிக்கையோடு. பிடித்தவள் நான். ஒரு சூடைமீனை மூடற்பெட்டிக்குள் போட்டுவிட்டு ஒளிந்திருந்தேன். பூனை தலையை விட்டதும் மூடியை அமத்தினேன். பனையோலையால் பின்னிய பெரிய பெட்டி அது, மூடி இறுக்கமாக உட்காரும். “அம்மா! பிடிச்சிட்டன்!” என்று கத்தினேன். அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். “கெட்டிக்காரி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு முத்தமாவது தந்திருக்கலாம் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பெட்டியைச் சுற்றி அப்பா கயிறு போட்டுத் தன்னுடைய துறைமுக முடிச்சைப் போட்டார். “பூனையில்ல, புலி இருந்தாலும் வராது. இதை அவுக்கத் தெரிஞ்ச ஆளு இந்தத் தீவுலேயே ரெண்டு பேருதான், தாயி.” மற்ற ஆள் அம்மா. என்னை ஏணையில் போட்டு ஆட்டிய காலத்தில் அந்தத் துணித்தொட்டிலின் கயிற்றுக்கும் அப்பா இதே முடிச்சைத்தான் போட்டிருந்தாராம். அவிழ்த்துத் தோய்த்து மறுபடி கட்ட வேண்டியவள் அம்மா என்பதால், முடிச்சை அவளுக்கும் பழக்கிவிட்டாராம்.

பயணத்தன்று வண்டில் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். “தம்பி, மெல்ல, மாட்டை ஆறுதலாய் விடு,” என்று வண்டில்காரனுக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள் அம்மா. அவன், “இதுக்கு மேலை ஆறுதலெண்டால் மாடு படுக்கவெல்லோ வேணும் அக்கா,” என்றான்.

மேடையில் கால் வைக்க இடமில்லை. சட்டிபானை, பாய்ச்சுருள், தையல் மெஷின், ஓர் இடத்தில் வீட்டுக் கதவொன்றுகூடச் சாத்தி வைத்திருந்தது. அப்பா ஆட்டை இழுத்துக்கொண்டு சரக்குப் பெட்டிப் பக்கம் போனார். அம்மா தகரப் பெட்டிக்குப் பக்கத்தில், மூடற்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“பிள்ளை, வீமனுக்கு விடாய்க்குது போல. பைப்படியிலை கொண்டுபோய்த் தண்ணி காட்டிக்கொண்டு வா.”

வாய்க்கூட்டைக் கழற்றி, தண்ணீர் காட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு நான் திரும்பி வரும்போது, யாரோ ஒரு கிழவர் “பிடி, பிடி!” என்று கத்தினார். சாம்பல் நிறத்தில் ஒன்று மேடையிலிருந்து குதித்துத் தண்டவாளத்தைத் தாண்டி, மீன்வாடை வரும் திசையில் பாய்ந்து மறைந்தது.

நான் அழுதேன். மேடை விளிம்பு வரைக்கும் ஓடிப் போய், பூனையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எல்லா இரைச்சலுக்கும் நடுவே அது கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் வந்திருக்காது. திரும்பி வந்து, கிளியாவது பயப்படாமல் இருக்கட்டும் என்று கூட்டை மடியில் வைத்து, ஒரு பச்சை மிளகாயைக் கொடுத்தேன்.

அப்பா வந்தார். வைக்கோல் ஒட்டிய கையோடு குனிந்து, கீழே கிடந்த கயிற்றை எடுத்தார். அறுந்திருக்கவில்லை. கடிபட்டிருக்கவும் இல்லை. ஒரு தலையிலிருந்து மறுதலை வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அதைக் கையில் சுற்றியபடி அம்மாவைப் பார்த்தார்.

அப்போதுதான் அம்மா சொன்னாள், ஒன்று குறைந்தாலும் ஏறமாட்டேன் என்று. இப்போது ஒன்று குறைந்துவிட்டது என்று. அப்ப அக்கா வீட்டை போவமே என்று. சொல்லும்போது அவள் குரல் சண்டை போடுகிற குரலாக இருக்கவில்லை. கண் அப்பாவின் கையில் இருந்த கயிற்றிலேயே இருந்தது.

கார்டு பச்சைக் கொடியை விரித்துக்கொண்டு வந்தார். “ஐயா, ஏறுறதெண்டால் ஏறுங்கோ, இல்லையெண்டால் ஆட்டை இறக்குங்கோ. அது எனக்குப் பேச்சுப் பேசுது.”

அப்பா வண்டியைப் பார்த்தார். அதன் தலைப்பக்கம் பார்த்தார், தண்டவாளம் வளைந்து போய் மறைகிற இடம் வரைக்கும். கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“ஓம்,” என்று கேட்டது.

கிளிதான் சொல்லியது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஆண்குரலில் ‘ஓம்’ சொல்ல அதைவிட்டால் யார் இருக்கிறார்கள்? ஆனால் குனிந்து பார்த்தால், கிளியின் வாயில் முழு மிளகாய் அப்படியே இருந்தது. வாய்க்குள் மிளகாயை வைத்துக்கொண்டு அது எப்படிப் பேசியது என்று, வெருகல் போய்ச் சேரும் மட்டும் நான் வண்டிலில் யோசித்துக்கொண்டே போனேன்.

அம்மா அதையெல்லாம் யோசிக்கவில்லை. எழுந்தாள். அத்தனை வருஷமும் கூட்டும்போது நகர்த்துவதற்கு மட்டும் தொட்ட அப்பாவின் தகரப் பெட்டியை, ஒருவரையும் கைகொடுக்க விடாமல் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பூனை ஓடிய பக்கம் ஒருதரமும் திரும்பிப் பாராமல், வாசலை நோக்கி முன்னே நடந்தாள்.