ஒட்டகம் குடித்த தண்ணீர்

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் மடிப்பு கலையாமல் இருக்கிறதே, அதை யார், எவ்வளவு சூட்டில் நின்று தேய்த்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் இருக்கிறார். சட்டை தைக்கும் ஆலையில் இஸ்திரி போட்டவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒட்டகம் என்றால் தெரியும். காலையில் மேசைக்கு வந்தால் வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். அதனால் கிடைத்த பட்டம்.

காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. பெண்களின் கழிவறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்தது. கேட்டால் கொடுப்பார். கூடவே, "மறுபடியுமா? வீட்லயே முடிச்சிட்டு வரக்கூடாதா?" என்று ஒரு வார்த்தையும் கொடுப்பார். பக்கத்து மேசை ஆண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அங்கே எல்லாப் பெண்களும் தாகத்தை அடக்கப் பழகினார்கள். ஒட்டகம் அதில் யாரையும் முந்தவிடவில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பழக்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பிற்பகலில் ஜன்னல் வழியாகக் காற்று வரும். இரவில் உடம்பு ஆறும். அதன் பிறகும் ஆலையில் எதுவும் மாறவில்லை: அதே தகரக் கூரை, அதே நீராவி இஸ்திரிப் பெட்டி, அதே சாவி. மாறியது வெயில். கோடை முன்கூட்டியே வந்து, போக மனமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. இரவிலும் சுவர் சுட்டது. புயலாக இருந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்திருப்பார்கள். இது வருடா வருடம் நூலிழை நூலிழையாக ஏறியது. யார் வந்து பார்க்க?

ஒரு நாள் பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மருத்துவமனையில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். சொந்தக்காரர்கள் திருஷ்டி என்றார்கள், விதி என்றார்கள். விதியாம்! தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர்களை மட்டும் தேடி வருகிற விதிக்கு, ஏசி அறையில் இருக்கும் முதலாளியின் வாசல் மட்டும் ஏன் தெரிவதில்லை? மருத்துவர் நேர்மையானவர். ஒரு தனி நோயாளிக்கு இன்ன காரணத்தால் மட்டும்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். ஆனால் தண்ணீர் குடிக்காமல் சூட்டில் வேலை செய்பவர்கள் இதே நோயோடு இப்போது அதிகமாக வருகிறார்கள் என்றும் சொன்னார்.

இப்போது டயாலிசிஸ். உடம்பு நீரை வெளியேற்றாததால் தண்ணீருக்கு அளவு வைத்துவிட்டார்கள்: ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில்.

ஆலையில் அவர் நின்ற மேசைக்கு அவருடைய தங்கை வேலைக்குப் போனாள். அக்கா தினமும் அவளுக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். ஒரு மாலை பையைப் பிரித்தபோது பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. கேட்டதற்குத் தங்கை சிரித்தாள்.

"எனக்கும் பேரு வச்சுட்டாங்கக்கா. குட்டி ஒட்டகமாம்."

அக்கா சிரிக்கவில்லை. திட்டினார், கெஞ்சினார், தன் கையில் ஊசி குத்திய தழும்பைக் காட்டினார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுதான் சொன்னாள்:

"போய் அந்த ஆளுகிட்ட சாவி கேக்கப்போறது நீயா, நானா?"

மறுநாள் அக்கா தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். காவலாளி பழைய ஆள். என்னம்மா இப்படி இளைச்சுட்டீங்க என்றபடி உள்ளே விட்டார். நீராவிக்கு நடுவே தங்கையின் மேசையருகே போய் நின்றார்.

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும் எனக்கு இவ்ளோதான் தண்ணி. மேல குடிச்சா மூச்சு முட்டும்" என்றார். "உங்க யாருக்கும் டாக்டர் இன்னும் அளவு வைக்கல. குடிங்கடி."

பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு சூப்பர்வைசரிடம் போய்க் கையை நீட்டினார்.

"சாவி குடுங்க."

"என்ன, ஒட்டகமே பாத்ரூம் கேக்குது?" என்றார் அவர்.

"எனக்கு அது வர்றதே நின்னுபோச்சு சார். இவங்களுக்குத்தான் கேக்குறேன்."

இந்த முறை ஆண்கள் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தார். தங்கை தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள். அக்காவின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க முற்றத்தைக் கடந்து போனாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் போனார்கள். அன்று இரவு முழுக்க அக்கா நாக்கு ஒட்டிக்கொண்டு தூங்காமல் கிடந்தார்.

சாவி இப்போது கழிவறைக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. தங்கையின் பாட்டில் காலியாக வீடு திரும்புகிறது. அவ்வளவுதான் நடந்தது. கூரை இன்னும் தகரம்தான். பூமியைச் சூடாக்கும் புகையை உலகம் இன்றைக்கே நிறுத்தினாலும் இதுவரை ஏறிய சூடு நாளைக்கே இறங்கிவிடாது. அக்காவின் சிறுநீரகமும் திரும்பி வராது.

உங்கள் தெருவிலும் ஒரு தகரக் கூரை இருக்கும். பட்டறையோ, அடுமனையோ, கிடங்கோ. நாளை மதியம், வெயில் உச்சியில் இருக்கும்போது உள்ளே போங்கள். தண்ணீர் எங்கே என்று கேளுங்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.